சாவி யாரிடம் இருக்கிறது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "சிவில் டிபார்ட்மென்ட் சார்பா நீங்கதான் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "குண்டு விழுகிற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை எப்படிப் பாதுகாப்பாக மாற்றுவது என்று பேசலாமா?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "காஞ்சிபுரத்துல எங்கங்க குண்டு விழுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்குத்தான் இந்த இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளை. கைலாசநாதர் கோயிலுக்குப் பின்னால் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அப்பா நெசவாளி. வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்கு, மீதி இடம் எங்களுக்கு. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதிகாலையில் தெருவில் பாவு நீட்டினால், யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் நாலு பேர் வந்து கை கொடுப்பார்கள். யார் வீட்டில் யார் படுத்த படுக்கை, யார் வீட்டில் பிரசவம் என்று தெருவுக்கே தெரியும். இதையெல்லாம் விட்டு வெளியே வந்து இன்ஜினியர் ஆகிவிட்டோம் என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

2022 பிப்ரவரி கடைசி வாரம். அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தேன். இரவு பதினொரு மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். திறந்தால் எதிர் வீட்டு அக்கா, கையில் போனுடன் நிற்கிறார். அவருடைய மகன் உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். நகையையும் வீட்டுப் பத்திரத்தையும் அடகு வைத்து அனுப்பிய பிள்ளை. பிப்ரவரி 24-ஆம் தேதி போர் தொடங்கிவிட்டது. போனில் அவன் முகம் தெரிந்தது. பின்னால் ஒரே இருட்டு.

"தம்பி, நீ இன்ஜினியருதானே. புள்ள எந்த மூலையில உக்காரணும்னு சொல்லுப்பா."

நான்கு வருடம் இந்தக் கல்லூரியில் படித்து, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கட்டட வேலை செய்தவன் நான். நம்பிக்கையோடு பதில் சொன்னேன்: "தூண் இருக்கிற மூலையா பார்த்து உட்காரச் சொல்லுங்க அக்கா." அந்தப் பக்கத்திலிருந்து பையன் சொன்னான்: "அண்ணா, இங்க தூணே இல்லண்ணா. எல்லாம் சுவர்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் இருந்தது சோவியத் காலத்தில் எழுப்பிய ஒன்பது மாடிக் கட்டடம். தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளைச் சீட்டுக்கட்டு வீடு போல அடுக்கிக் கட்டியது. அங்கே சுவர்தான் தூண், சுவர்தான் உத்தரம். நான் படித்த, கட்டிய கட்டடங்கள் எல்லாம் தூணும் உத்தரமும் கொண்டவை. என் பதில் அந்த வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. பிள்ளையின் உயிரைப் பற்றிக் கேட்ட தாய்க்கு, கட்டடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பதில் சொன்னேன் பாருங்கள், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றிரவு தூங்கவில்லை. தேடித் தேடிப் படித்தேன். தம்பி தங்கைகளே, தேர்வுக்கு வராத ஒரு பாடத்தை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1968 மே 16. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. மக்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடி பெரியதல்ல. அந்தப் பெண்மணியே உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் மூலைச் சுவர் ஒன்று வெளியே தள்ளிக்கொண்டது. அதை நம்பி நின்ற மேல் மாடிகள் இறங்கின. இறங்கிய எடை கீழ் மாடிகளையும் இடித்துக்கொண்டு போனது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் தரை வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். வெடி ஒரு வீட்டில், சேதம் 22 மாடிக்கும். ஒரு சுவர் போனாலும் மற்றவை தாங்கிப் பிடிக்கும்படி பலகைகளை இரும்பால் பிணைத்திருக்க வேண்டும். அதன் பிறகு பிரிட்டனில் கட்டட விதிகளையே மாற்றினார்கள்.

குண்டு விழும் ஊரில் பழைய அடுக்குமாடியை வலுவூட்டுவது என்றால் முதல் வேலை இதுதான். கோயிலுக்குச் செய்தால் திருப்பணி என்கிறோம். குடியிருப்புக்குச் செய்தால் அதற்குப் பெயர் ரெட்ரோஃபிட்டிங், வலுவூட்டல். ஓர் இடத்தில் அடிபட்டால் கட்டடம் முழுவதும் சரியாமல் இருக்கப் பிணைப்பது. செங்கல் சுவர் உள்ளே பிய்த்துக்கொண்டு விழாமல் இருக்கக் கம்பி வலை அடித்துச் சிமெண்ட் பூசித் தூணோடு சேர்த்துக் கட்டுவது. நொந்துபோன தூண்களுக்குச் சட்டை போடுவது. வெடிவிசையைத் தாங்கும் கட்டட அமைப்புக்கு நம் நாட்டிலேயே 1968-இல் தரக்குறிப்பு வந்துவிட்டது, ஐ.எஸ். 4991. பழைய கான்கிரீட் கட்டடங்களை நிலநடுக்கத்துக்காகச் சோதித்து வலுவூட்ட 2013-இல் ஐ.எஸ். 15988 வந்தது. நூலகத்தில் இருக்கும், புரட்டிப் பாருங்கள்.

அடுத்து கண்ணாடி. குண்டு என்றவுடன் கட்டடம் இடிவதைத்தான் நினைக்கிறோம். கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்களை வீழ்த்துவது கண்ணாடி. 1996 ஜனவரி 31-இல் கொழும்பு மத்திய வங்கி வாசலில் லாரிக் குண்டு வெடித்தது. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். சுற்றியிருந்த அலுவலகங்களில் கண்ணாடித் துகள் பட்டுக் கண் பார்வையை இழந்தவர்கள் பலர். என்ன சத்தம் என்று ஜன்னலருகே போய் எட்டிப் பார்ப்பது மனித சுபாவம். அதனால்தான் உக்ரைனில் வீட்டுக்கு வீடு ஒரு விதியைச் சொல்லிக்கொள்கிறார்கள்: உனக்கும் வெளிக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கட்டும். முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சுவர் தெறிக்கும் துண்டுகளை நிறுத்தும். ஜன்னல் இல்லாத உள்நடை, இப்படி. காசு செலவில்லாத வலுவூட்டல் இது.

மறுநாள் அக்காவிடம் இதைச் சொன்னேன். பையன் சிரித்தான். "அதெல்லாம் பாட்டி சொல்லிட்டாங்கண்ணா" என்றான். எந்தப் பாட்டி?

அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி. நம் பையன்கள் நாலு பேர் அங்கே இரண்டு வருடம் குடியிருந்தும் அவரிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசியதில்லை. தாளிக்கிற நெடி வருகிறது, ராத்திரியில் சத்தம் போடுகிறார்கள் என்று இரண்டு முறை கதவைத் தட்டிச் சண்டை போட்டவர். 24-ஆம் தேதி விடியற்காலையில் வெடிச்சத்தம் கேட்டு எல்லோரும் நிலவறைக்கு ஓடினால், கதவு பூட்டியிருக்கிறது. சாவி அவரிடம் இருந்தது. எங்கோ போகவில்லை. முதல் ஆளாக வந்து திறந்துவிட்டு, படியிலேயே நின்றாராம். கையில் ஒரு நோட்டு. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நடக்க முடியாது, யார் வீட்டில் கைக்குழந்தை என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். நம் நாலு பேரையும் சேர்த்துத்தான். பெயர் வாயில் நுழையாததால், "இந்தியா, 4" என்று.

நிலவறைக்கு ஒரே ஒரு வாசல். மேலே கட்டடம் சரிந்தால் அது கல்லறை. அதுவும் அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. காற்றுக்காக விட்டிருந்த சின்னத் திறப்பைச் சுத்தம் செய்யச் சொல்லி, பக்கத்தில் ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும், தண்ணீர் கேன்களும் வைத்திருந்தார். இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ராத்திரி முழுக்கத் தேடிப் படித்ததை அவர் நோட்டில் எழுதி முடித்துவிட்டிருந்தார்.

மார்ச் 1-இல், அதே நகரத்தில், உணவு வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். மார்ச் 2-இல் இந்தியத் தூதரகம், கார்கிவை விட்டு உடனே, முடியாவிட்டால் நடந்தாவது, வெளியேறுங்கள் என்றது. நம் பையன்கள் பனியில் பெசோச்சின் வரை நடந்தார்கள். ஆபரேஷன் கங்கா என்று சுமார் 22,500 பேரை அரசு கொண்டுவந்து சேர்த்ததே, அதில் அவர்களும் வந்தார்கள். எதிர் வீட்டு வாசலில் அன்று தெருவே கூடி நின்றது. பையன் வேறொரு நாட்டில் படிப்பை முடித்துவிட்டான். ஆனால் இந்தக் கதையில் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு விஷயம். அந்தச் சாவி.

நண்பர்களே, இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

2019-இல் இதே காஞ்சிபுரத்தில், 1990-களில் கட்டிய ஓர் அடுக்குமாடியில் பழுதுபார்ப்பு வேலை எடுத்தேன். தரைக்கு மேல் மூன்று மாடி, 24 வீடு, ஒரே படிக்கட்டு. தரைத்தளத்தில் மோட்டார் இருக்கும் பக்கத்துத் தூண்களில் கான்கிரீட் பொரிந்து கம்பி தெரிந்தது. கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை வெளியே தள்ளும். சும்மா மேலே பூசினால் ஆறே மாதத்தில் மறுபடி விழும். முட்டுக் கொடுத்து, நொந்த கான்கிரீட்டை உடைத்து எடுத்து, துருவைச் சுரண்டி, புதுக் கம்பி கட்டி, மைக்ரோ கான்கிரீட் ஊற்றித் தூணுக்குச் சட்டை போட்டேன். நல்ல வேலை. இன்றும் விரிசல் இல்லை.

முடிக்கும் தறுவாயில் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வேண்டுகோள். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்துவிட்டது, படிக்கட்டுக்கு அடியில் ஒரு கொலாப்சிபிள் கேட் போட்டுக்கொடுங்கள் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். இரவு பத்து மணிக்குப் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். "பாதுகாப்பா ஆயிடுச்சு சார்" என்று எல்லோரும் கை கொடுத்தார்கள்.

மறு வருடம் ஓர் இரவு, இரண்டாவது மாடியில் சிலிண்டர் ட்யூபில் கசிவு. நெடி பரவி, குழந்தை குட்டிகளோடு அத்தனை பேரும் கீழே இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துச் சாவி வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி ஸ்விட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எனக்குப் போன் செய்து சொன்னார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னொரு சாவி போட்டு வச்சுக்கங்க சார்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த நாடு இது. குறுகலான ஒற்றைப் படிக்கட்டு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தியைப் பார்த்து அழுதவன்தான். பதினைந்து வருடம் கழித்து 24 குடும்பங்களின் ஒரே வழியில் பூட்டுப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கேட்டவர்கள் திருடனை நினைத்தார்கள். நான் பில்லை நினைத்தேன்.

கார்கிவ் பையன் சொன்ன பாட்டியின் கதையைக் கேட்ட பிறகுதான் இரண்டும் ஒன்றாக எனக்குத் தெரிந்தது. எவ்வளவு கம்பி போட்டாலும், எவ்வளவு கான்கிரீட் ஊற்றினாலும், ஆபத்து வரும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. சாவி யாரிடம் இருக்கிறது? அவர் எங்கே இருக்கிறார்? நம்மை அவருக்குத் தெரியுமா?

உலகத்திலும் இதே கதைதான். கீவ் நகரத்தில் 2023 ஜூன் 1-ஆம் தேதி அதிகாலையில், ஒரு மருத்துவ மையத்தின் பதுங்கிடத்துக்கு ஓடியவர்கள், அது திறக்கப்படாததால் வெளியே நின்றார்கள். மேலிருந்து விழுந்த ஏவுகணைத் துண்டுகள் பட்டு 3 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 வயதுச் சிறுமியும் அவள் தாயும் உண்டு. சுவர் கனமாகத்தான் இருந்திருக்கும். பூட்டு அதைவிடக் கனமாக இருந்துவிட்டது.

இஸ்ரேலில் 1991 வளைகுடாப் போரின்போது ஏவுகணைகள் விழுந்தன. 1992 முதல் ஒவ்வொரு புது வீட்டிலும் தடித்த கான்கிரீட் அறை ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சரி, பழைய கட்டடங்கள்? 2005-இல் ஒரு திட்டம். முக்கியமாக நிலநடுக்கத்துக்காகக் கொண்டுவந்தது. கட்டடக்காரர் பழைய அடுக்குமாடியை வலுவூட்டி, வெளிப்பக்கத்தில் பாதுகாப்பு அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டிக் கொடுக்கலாம் என்றிருந்தது. பதிலுக்கு மேலே கூடுதல் மாடி கட்டி விற்றுக்கொள்ளலாம் என்றிருந்தது. நல்ல யோசனை. ஆனால் நிலம் விலை போகும் டெல் அவீவ் பக்கம்தான் கட்டடக்காரர்கள் போனார்கள். விலை போகாத எல்லையோர ஊர்களில் தேவை அதிகம், வேலை குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் காஸாவிலோ, மக்களுக்குப் பொதுப் பதுங்கிடம் என்ற ஒன்றே கிடையாது. பாதுகாப்பை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் சாவிப் பிரச்சினைதான்.

சிங்கப்பூரில் 1997-இல் சட்டம் கொண்டுவந்து, புது அடுக்குமாடி வீடுகளில் இரும்புக் கதவோடு ஒரு பதுங்கறை வைக்கிறார்கள். நம் பேட்ச் நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் வீட்டுப் பதுங்கறையில் அரிசி மூட்டை, கொலு பொம்மைப் பெட்டி, மனைவியின் பட்டுப்புடவைகள். "குண்டு விழுந்தா நாங்க எங்கடா நிக்கிறது?" என்று கேட்கிறார். (சிரிப்பு) ஆனால் அதே கட்டடங்களின் கீழ்த்தளத்தைத் திறந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். கல்யாணமும் அங்கே, துக்கமும் அங்கே, வயதானவர்கள் சதுரங்கம் ஆடுவதும் அங்கே. அந்த அறையைவிட அந்தத் திறந்த தளம்தான் ஆபத்தில் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரை ஒருவர் முகம் தெரிந்துகொள்வது அங்கேதான்.

நம் நாட்டுக்கு வருவோம். ஜம்மு எல்லை மாவட்டங்களில் 14,460 பதுங்குகுழிகள் கட்ட 2017 கடைசியில் மத்திய அரசு அனுமதி தந்தது. மதிப்பு 415 கோடி ரூபாய்க்கு மேல். வீட்டுக்கான குழியில் 8 பேர், ஊர்ப் பொதுக் குழியில் 40 பேர். 2025 மே 7-இல் பூஞ்ச் நகரத்துக்குள்ளேயே பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. குழிகள் பெரும்பாலும் எல்லைக் கிராமங்களில். நகரத்து மாடி வீட்டுக்காரர்களுக்கு ஓடி ஒளிய இடமில்லை. அதே நாளில்தான் நம் பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் ஒத்திகை நடந்தது. இங்கே எங்கே குண்டு விழுகிறது என்று கேட்ட செயலாளர் ஐயாவுக்கு இது பாதி பதில்.

மீதிப் பதிலை எனக்குச் சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் ஒரு சைட்டில் என்னோடு சூப்பர்வைசராக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் பாதி நாள் பதுங்குகுழியில் கழித்தவர். அவர்கள் அதைப் பங்கர் என்பார்கள். வளவுக்குள் குழி வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண் நிரப்பிய உரப்பைகளைப் போடுவார்களாம். வாசலை நேராக விடாமல் ஒரு மடக்கு மடக்கி வெட்டுவார்கள், துண்டுகள் நேரே உள்ளே வராமல் இருக்க. இது எந்தக் கல்லூரியிலும் படித்து வந்ததல்ல. மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும், பாம்பு வரும், அப்படியும் இறங்குவார்களாம். "ராத்திரியில் பூட்டி வைப்பீர்களா அண்ணை?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பங்கருக்கு ஆர் தம்பி பூட்டுப் போடுறது? பக்கத்து வளவில நிக்கிறவனும் ஓடி வரவேணுமெல்லே. அதுக்குத்தானே வேலியில பொட்டு வச்சிருக்கிறது."

வேலிப் பொட்டு என்றால், இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடுகு வேலியில் விட்டிருக்கும் சிறு வழி. நெருப்பு வாங்க, கறி கொடுக்க, குசலம் கேட்க. போர்க்காலத்தில் அதுவே உயிர் காக்கும் இரண்டாவது வாசல் ஆனது. நம் பாடப்புத்தகத்தில் அவசர வழி என்று இருக்கிறதே, அதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், தினமும் நடந்து பழகிய வழி இது.

குண்டே விழாத இடத்திலும் இந்தப் பழக்கம் காப்பாற்றும். 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளம். 1990-களில் கட்டிய வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி அப்படியே தரைமட்டமானது. ஓர் உயிர் கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டி அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டடம் எச்சரித்தது, அதைக் கேட்கக் காது இருந்தது, தட்டுவதற்கு முகம் தெரிந்த கதவு இருந்தது.

2022 ஏப்ரலில் அந்த 24 வீட்டுக்கும் மறுபடி போனேன். "நான் போட்ட கேட்டை நானே மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்" என்றேன். சுலபமாக ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். "திருடன் வந்தா நீங்க வருவீங்களா சார்?" என்று ஒருவர் எகிறினார். அவர் வீட்டில் ஒருமுறை நகை போயிருக்கிறது. அவர் பயமும் பொய்யல்ல. இரண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் வெளியிலிருந்து சாவி, உள்ளிருந்து கையாலேயே தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள் என்று முடிவானது. மொட்டை மாடிக் கதவுக்கும் அப்படியே. பால்கனிக் கிரில்களில் உள்ளிருந்து திறக்கும் ஒரு பகுதி. படிக்கட்டு ஜன்னலில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஃபிலிம். படிக்கட்டுக்கு அடியில் குவித்திருந்த பழைய சைக்கிள், உடைந்த கட்டில் எல்லாம் அப்புறப்படுத்தினோம். அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் திண்ணை போட்டேன். வரைபடத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் சாயங்காலம் நாலு பேர் உட்கார ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது மாடியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் கை கொடுத்து இறக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். "இதெல்லாம் நான் கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா?" என்று தயங்கினார். வீடு வீடாகப் போய் வந்த பிறகு சொன்னார்: "பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன் தம்பி. எதிர் வீட்டம்மாவுக்கு ஒரு காது கேக்காதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

2025 மே மாதத்தில் ஒத்திகைச் செய்தியைப் பார்த்துவிட்டு, அவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். முதல் தடவை எல்லோரும் கீழே வர 11 நிமிடம். காது கேளாத அந்த அம்மாவை மறந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை 4 நிமிடம். அவரைக் கைப்பிடித்து இறக்கியவர், திருடனுக்காக என்னிடம் எகிறினாரே, அதே மனிதர்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பத்துப் பேராக, இந்த ஊரின் பழைய அடுக்குமாடி ஒன்றுக்குப் போங்கள். பெரிய கருவி வேண்டாம். ஒரு சிறு சுத்தியல் போதும். தூணைத் தட்டிப் பாருங்கள், பொத்தல் சத்தம் கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத உள்நடை எது, இரண்டு சுவர் எங்கே இருக்கிறது, இரண்டாவது வழி எது என்று ஒரு தாளில் வரைந்து படிக்கட்டில் ஒட்டுங்கள். சிலிண்டர் ட்யூபின் தேதியைப் பாருங்கள். நீங்களாகத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சந்தேகமான இடத்தைச் சங்கத்துக்கு எழுதுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சிவில் நண்பர்கள் ஆளுக்கு ஒரு கட்டடம் எடுத்துக்கொண்டால், அடுத்த கூடலுக்குள் ஒரு தெருவையே பார்த்து முடித்துவிடலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

என் வயது நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும், நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கேட் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர் வீட்டு அக்கா இன்னமும் என்னை "இன்ஜினியர் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். அன்றிரவு நான் சொன்ன தப்பான பதிலை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அடுத்த முறை யாராவது நடுராத்திரியில் கதவைத் தட்டி, பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டால், நம் கல்லூரியில் படித்த ஒருவர் முதலில், "கட்டடம் எப்படிப்பட்டது, கூட யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.